இல்லத்தின் குழுத்தலைவர் எங்கே நிற்க வேண்டும்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் வசதியாக இருக்கும். வளர்ச்சிசார் குறைபாடு (அறிவுசார் குறைபாடு போன்றவை) உள்ள ஆறு பெரியவர்கள் வாழும் இல்லம். ஐந்து வருடம் அங்கே உதவிப் பணியாளராக இருந்த உங்களைப் போன மாதம் குழுத்தலைவர் ஆக்கியிருக்கிறார்கள். மூன்று ஷிப்டிலும் சேர்த்து உங்கள் பொறுப்பில் 13 பேர். டியூட்டி சார்ட்டும் பதிவேடுகளும் நாள் முழுவதையும் தின்றுவிடுகின்றன. நேற்றுவரை கூட வேலை பார்த்தவர்கள் இன்று நீங்கள் சொல்வதைக் காதில் வாங்குவதில்லை. 35 வயதான, பேச்சு வராத ஒருவர் இரண்டு மாதமாக மாலை நேரங்களில் பணியாளர்களை அடிக்கிறார். அவரோடு மாலை ஷிப்ட் பார்க்க யாரும் முன்வருவதில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

18 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். முதல் ஆறு வருடம் உங்களைப் போல ஷிப்ட் பார்த்தேன், அப்புறம் குழுக்களை நடத்தினேன். நீங்கள் மூன்று பிரச்சினைகளாகப் பிரித்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை ஒன்றாகத்தான் தெரிகின்றன. அந்த வீட்டில் மாலை ஐந்து மணிக்கு நடப்பதை நீங்கள் நேரில் பார்ப்பதில்லை. மறுநாள் காலையில் பதிவேட்டில் படிக்கிறீர்கள், இல்லையென்றால் யாராவது சொல்லிக் கேட்கிறீர்கள். அங்கே வாழ்பவரும் பணியாளரும் எந்த இடத்தில் சேர்ந்திருக்கிறார்களோ, குழுத்தலைவரும் அந்த இடத்தில் இருக்க வேண்டும். மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வரும். சரி, அந்த மாலையிலிருந்தே தொடங்குவோம்.

நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்திய சொல் "இரண்டு மாதமாக" என்பது. ஐந்து வருடமாக அவரைத் தெரியும், முன்பு இப்படி இல்லை என்கிறீர்கள். அப்படியானால் இரண்டு மாதத்துக்கு முன்னால் ஏதோ மாறியிருக்கிறது. உடம்பில் ஏதாவது மாறியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பல்வலி, காதுக்குரும்பி இறுகி அடைத்துக்கொள்வது, நாள்பட்ட மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், சிறுநீர்த் தொற்று, புதிதாகத் தொடங்கிய மருந்தின் பக்கவிளைவு, இவற்றில் எது இருந்தாலும், வலிக்கிறது என்று சொல்ல வாய் வராத ஒருவர் கையை ஓங்கத்தான் செய்வார்.

நான் பொறுப்பில் இருந்த ஒரு வீட்டில் 40 வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி தன் கையையே கடித்துக்கொள்ளத் தொடங்கினார். மூன்று மாதம் நாங்கள் நடத்தைத் திட்டம் போட்டோம், அட்டவணை வரைந்தோம், கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து பேசினோம். திட்டத்தை எழுதியது நான். கடைசியில் வழக்கமான பல் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, கடைவாய்ப் பல்லுக்கு அடியில் சீழ் கட்டியிருப்பது தெரிந்தது. பல்லை எடுத்த வாரத்திலேயே கடிப்பது நின்றுவிட்டது. அந்த மூன்று மாதமும் ஒவ்வொரு வேளையும் அவர் எப்படி மென்றிருப்பார் என்பது இன்றும் என் மனதை விட்டுப் போகவில்லை. அதற்கப்புறம் என் குழுக்களில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். யாருடைய நடத்தையாவது திடீரென்று மாறினால், தலையிலிருந்து கால்வரை உடல் பரிசோதனை முடியும்வரை "நடத்தைப் பிரச்சினை" என்ற சொல்லை யாரும் எழுதக் கூடாது.

இது எங்கள் ஒரு வீட்டின் தவறு மட்டும் இல்லை. 1982 இல் ஸ்டீவன் ரைஸ் என்ற உளவியலாளரும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் இதைக் காட்டினார்கள். ஒருவருக்கு அறிவுசார் குறைபாடு இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அவரிடம் காணும் மற்ற அறிகுறிகளின் கனம் தேர்ந்த வல்லுநர்களின் கண்ணிலேயே குறைந்துவிடுகிறது. "அவர் அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். அதனால் மருத்துவரிடம் போகும்போது "ரொம்ப ஆக்ரோஷமாக இருக்கிறார்" என்று வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். அவரை நன்றாக அறிந்த பணியாளரை அனுப்புங்கள். இரண்டு மாதத்துத் தூக்கம், எடை, மலம் கழித்த நாட்கள், சாப்பாட்டில் வந்த மாற்றம், மருந்து மாறிய தேதிகள் எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர் என்றால் தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள். 21 ஆம் குரோமோசோம் அவர்களிடம் கூடுதலாக இருப்பதால் அல்சைமர் நோயும் மற்றவர்களைவிடப் பல வருடம் முன்னதாகவே வரக்கூடும். 45 வயதில் ஒருவர் படியிறங்கத் தயங்குவதைப் பிடிவாதம் என்று எழுதிவிடக் கூடாது.

உங்கள் 13 பேருக்கும், புதிதாகச் சேர்பவருக்கும் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்க வேண்டிய நான்கு ஆபத்துகள் உண்டு: புரையேறி உணவோ நீரோ நுரையீரலுக்குள் போவது, மலச்சிக்கல், நீரிழப்பு, வலிப்பு. இந்த வேலையில் நாம் இழக்கிற உயிர்களில் பல தடுத்திருக்கக்கூடியவை, அவற்றில் இந்த நான்கும் திரும்பத் திரும்ப வருகின்றன. மலச்சிக்கல் உயிரை எடுக்குமா என்று புதியவர்கள் கேட்பார்கள். எடுக்கும். குடல் அடைத்துக்கொண்டால் எடுக்கும், அதிலும் சில மனநல மருந்துகள் குடலின் வேகத்தைக் குறைப்பவை. விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு உணவும் பானமும் எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு 0 முதல் 7 வரை சர்வதேச அளவுமுறை இருக்கிறது. விழுங்குதல் நிபுணர் சொன்ன எண் சமையலறைச் சுவரில், அவரவர் பெயரோடு, தற்காலிகமாக வந்தவர் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வலிப்பு நோயும் இருக்கிறது. வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அவசர சிகிச்சை வேண்டும், அதனால் வந்த நேரத்தைக் கடிகாரத்தைப் பார்த்துக் குறிப்பது ஒவ்வொருவருக்கும் பழகியிருக்க வேண்டும். 2013 இல் இங்கிலாந்தில் 18 வயது இளைஞர் ஒருவர் சிகிச்சை மையத்தின் குளியல் தொட்டியில் வலிப்பு வந்து மூழ்கி இறந்தார். வலிப்பு உண்டு என்று தெரிந்தும் அவரைத் தனியே குளிக்க விட்டிருந்தார்கள். விசாரணை மன்றம் 2015 இல் அந்த மரணத்துக்குக் கவனக்குறைவும் காரணம் என்று முடிவு சொன்னது. உங்கள் வீட்டில் வலிப்பு உள்ளவர் குளிக்கும்போது யார், எங்கே நிற்கிறார்கள்? தெரியாவிட்டால் இன்றே கேளுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

உடம்பில் ஒன்றும் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து அந்த மாலையைப் பார்க்க வேண்டும். பணியாளர்கள் எழுதிய குறிப்புகளில் "காரணமில்லாமல் அடித்தார்" என்று இருக்கும், நான் பந்தயமே கட்டுவேன். காரணம் இல்லாமல் இருக்காது, எழுதியவர் பார்க்கத் தொடங்கியது அடி விழுந்த பிறகு, அவ்வளவுதான். முந்தைய பத்து நிமிடத்தில் அறையில் யார் இருந்தார்கள், என்ன சத்தம், அவரிடம் என்ன சொன்னார்கள், எதை எடுத்தார்கள், எப்படி அடித்தார், அடித்தபிறகு என்ன நடந்தது, முன், அடி, பின் என்ற இந்த மூன்று கட்டங்களையும் பத்து நாள் தவறாமல் எழுதினால் பெரும்பாலும் ஒரு வடிவம் தெரியவரும். அடித்ததும் எல்லோரும் விலகிப் போய் அமைதி கிடைக்கிறதா? அடித்தால்தான் யாராவது திரும்பிப் பார்க்கிறார்களா? கேட்ட பொருள் கைக்கு வருகிறதா? இல்லை, வெளியே நடப்பதோடு சம்பந்தமே இல்லாமல் உடம்புக்குள் ஏதோ ஒரு தவிப்பா? இந்த நான்கில் எது என்று தெரியாமல் போடுகிற திட்டம் காகிதத்தோடு நின்றுவிடும்.

ஒரு வீட்டில் இதேபோல மாலை நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தவரை நான் கூடவே உட்கார்ந்து கவனித்தேன். நான்காம் நாள் எனக்குப் புரிந்தது. அந்த நேரம் ஷிப்ட் மாறும் நேரம். பகல் ஆட்கள் கிளம்பும் அவசரத்தில் இருக்கிறார்கள், மாலை ஆட்கள் வந்து சேர்கிறார்கள், ஏழெட்டுப் பேர் கூடத்தில் நின்று ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், அதுவும் அவரைப் பற்றியே, அவர் முன்னாலேயே. தொலைக்காட்சி வேறு ஓடுகிறது. முக்கால் மணி நேரம் அவரோடு யாருமே இல்லை. அவர் எழுந்து போய் யாராவது ஒருவர் சட்டையைப் பிடிப்பார். "போய் உட்காருங்க" என்பார்கள். மூன்றாவது தடவை அடி விழும். ஷிப்ட் மாற்றப் பேச்சை உள்ளறைக்கு மாற்றினோம், பகல் ஆள் ஒருவரை அரை மணி நேரம் கூடுதலாக அவரோடு இருக்க வைத்தோம், வெளியே போக வேண்டும் என்பதற்கு ஒரு பட அட்டையை அவர் பையில் வைத்தோம். அடி முழுவதும் நின்றுவிடவில்லை. வாரத்தில் ஐந்தாறு என்பது மாதத்தில் ஒன்றிரண்டு ஆனது.

அந்த அட்டையின் பின்னால் 1985 இல் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. வகுப்பறையில் முரண்டு பிடித்த குழந்தைகளில், பாடம் கடினமாக இருந்ததால் அப்படிச் செய்தவர்களுக்கு உதவி கேட்கவும், கவனம் வேண்டி அப்படிச் செய்தவர்களுக்குக் கவனத்தைக் கேட்கவும் வார்த்தை கற்றுக்கொடுத்தார்கள். தொல்லை குறைந்தது. காரணத்தோடு பொருந்தாத வார்த்தையைக் கற்றுக்கொடுத்தபோது குறையவில்லை. இதைக் குழுவுக்கு எடுத்துச் சொல்லுங்கள். அட்டை, சைகை, பொத்தான் என்று எந்த வழியைக் கொடுத்தாலும், முதல் சில வாரங்களில் அவர் அதைக் காட்டும் ஒவ்வொரு தடவையும் கேட்டது நடக்க வேண்டும். "இப்ப முடியாது" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டால் அவர் மறுபடி கையைத்தான் நம்புவார்.

பணியாளர்களின் பயத்துக்கு வருகிறேன். அதை அலட்சியம் செய்யாதீர்கள். அடி வாங்கியவரைப் பார்த்து எடுத்த எடுப்பில் "நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்கிற குழுத்தலைவரிடம் அடுத்த தடவை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். முதலில் காயத்தைப் பாருங்கள், தண்ணீர் கொடுங்கள், உட்கார வையுங்கள், வீட்டுக்குப் போக வேண்டுமா என்று கேளுங்கள், அவர் இடத்தில் நீங்கள் நில்லுங்கள். நடந்ததைப் பற்றிய பேச்சு மறுநாள். அடித்தவரிடமும் அதே நிதானம் வேண்டும். அந்த இரவு அவரை ஒதுக்கி வைப்பதோ, போக இருந்த வெளியூர்ப் பயணத்தை ரத்து செய்வதோ கூடாது. குழுவில் யாராவது "தண்டிக்காவிட்டால் பழகிவிடுவார்" என்பார்கள். எனக்குத் தெரிந்து தண்டனை எந்த வீட்டையும் அமைதியாக்கியதில்லை.

ஒருவரைப் பிடித்து நிறுத்துவது பற்றி இரண்டே வார்த்தை. முகம் தரையில் இருக்கும்படி அழுத்துவதும், மார்பு, முதுகு, கழுத்து மேல் எடை போடுவதும் எந்தச் சூழ்நிலையிலும் வேண்டாம். மூச்சு நின்று இறந்தவர்கள் உண்டு. உங்கள் ஆட்கள் பயிற்சி இல்லாமல் பழக்கத்தில் எதையாவது செய்துகொண்டிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

மருந்தைக் கூட்டச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள், அதையும் எதிர்பாருங்கள். மனநோய் இருந்தால் மருந்து வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2015 இல் மதிப்பிட்டபோது, அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்களில் 30,000 முதல் 35,000 பேர் வரை அதற்குரிய மனநோய் கண்டறியப்படாமலேயே மனநல மருந்துகளைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மருந்துகளைக் குறைப்பதற்கென்றே மறு வருடம் அங்கே தேசிய அளவில் ஒரு திட்டம் தொடங்க வேண்டியிருந்தது. ஒவ்வொருவரின் மருந்துச் சீட்டையும் எடுத்து, இது எதற்காக, யார், எப்போது தொடங்கினார்கள், கடைசியாக எப்போது மறுபரிசீலனை நடந்தது என்று எழுதிப் பாருங்கள். விடை தெரியாத மருந்து ஒன்றாவது இருக்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் கேளுங்கள்.

இப்போது உங்கள் மேஜைக்கு வருகிறேன். 1971 இல் ராய் கிங், நார்மா ரெய்ன்ஸ், ஜாக் டிசார்ட் என்ற மூவர் இங்கிலாந்தில் குழந்தைகளுக்கான பலவகை இல்லங்களை ஒப்பிட்டு ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். சில இடங்களில் எல்லோரையும் வரிசையில் நிறுத்திக் குளிப்பாட்டினார்கள், எல்லோருக்கும் ஒரே நேரம், பொதுவான துணிகள். சில இடங்களில் ஒவ்வொரு பிள்ளையையும் தனி ஆளாக நடத்தினார்கள். கட்டடம் பெரிதா சிறிதா என்பது இந்த வித்தியாசத்தை விளக்கவில்லை. பணியாளர் எண்ணிக்கையும் முழுதாக விளக்கவில்லை. நல்ல இடங்களில் பொறுப்பாளருக்குத் தானே முடிவெடுக்கும் உரிமை இருந்தது, அவர் நிர்வாக வேலையைவிடப் பிள்ளைகளோடு அதிக நேரம் இருந்தார், அவரைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே இருந்தார்கள். பின்னாளில் ஜிம் மான்செல், ஜூலி பீடில்-பிரவுன் போன்ற ஆய்வாளர்கள் பெரியவர்களுக்கான சிறு இல்லங்களில் ஆராய்ந்தபோதும் கிட்டத்தட்ட இதுதான் தெரிந்தது. பயிற்சி வகுப்பு மட்டும் நடத்தினால் பலன் கொஞ்ச நாளில் கரைந்துபோகிறது. குழுத்தலைவர் தளத்தில் நின்று கூடவே செய்துகாட்டுகிற வீடுகளில் அது தங்குகிறது.

கூடவே செய்துகாட்டுவது என்றால் என்ன என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். துணி மடிக்கும் நேரம். பணியாளர் எல்லாத் துணியையும் ஐந்து நிமிடத்தில் மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறார். யாருடைய துணியோ அவர் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். வேலை சுத்தம், புகார் சொல்ல எதுவும் இல்லை. நீங்கள் போய் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு துண்டை அவர் மடியில் வைத்துவிட்டுக் காத்திருங்கள். அவர் எடுக்கவில்லை என்றால் சொல்லுங்கள். அதுவும் போதாதென்றால் சைகை காட்டுங்கள், அடுத்து உங்கள் துண்டை மெதுவாக மடித்துக் காட்டுங்கள், கடைசியாகக் கையைப் பிடித்து ஒரு மடிப்பு. எவ்வளவு குறைவான உதவியில் முடிகிறதோ அவ்வளவோடு நிறுத்த வேண்டும். துண்டு கோணலாக மடிந்திருக்கும், அப்படியே அலமாரிக்குப் போகட்டும். இதைப் பணியாளர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அடுத்த துண்டை அவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் பாருங்கள். முடிந்ததும் ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள், அங்கேயே, அப்போதே: "அவர் கை நீட்டுறவரைக்கும் காத்திருந்தீங்களே, அதுதான் சரி." இருபது நிமிட வேலை. ஒரு நாளுக்கு ஒரு பணியாளரோடு இப்படி இருந்தால் மூன்று வாரத்துக்குள் 13 பேரையும் ஒரு சுற்று பார்த்துவிடலாம்.

பணியாளர்கள் நீங்கள் கேட்பதைத்தான் செய்வார்கள். நான் பல வருடம் ஷிப்ட் மாறும்போது "ஏதாவது பிரச்சினை உண்டா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். "ஒன்றும் இல்லை" என்ற பதில் வந்தால் நல்ல ஷிப்ட். அந்தக் கேள்வி என் ஆட்களுக்கு என்ன கற்றுக்கொடுத்தது என்றால், அங்கே வாழ்பவர்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தால் போதும் என்று. ஒருநாள் கேள்வியை மாற்றினேன்: "இன்னிக்கு அவர் தானாக என்ன செஞ்சார்? எதை வேண்டாம்னு சொன்னார்?" முதல் வாரம் எல்லோரும் விழித்தார்கள். இரண்டாவது மாதம், ஒரு இரவுப் பணியாளர், தான் பார்த்துக்கொள்ளும் பெண் எந்தப் போர்வையைத் தள்ளிவிடுகிறார், எதை இழுத்துக்கொள்கிறார் என்று சொல்லத் தொடங்கினார். நான்கு வருடமாக யாரும் கவனிக்காத ஒன்று. நீல நிறம் அவருக்குப் பிடிக்காது.

பதிவேடுகளில் நேரம் போவதற்கு: எத்தனை பதிவேடு இருக்கிறது என்று எண்ணி, ஒவ்வொன்றையும் யார் படிக்கிறார்கள் என்று மேலிடத்தில் கேளுங்கள். யாரும் படிக்காதவை, ஒன்றையே இரண்டு இடத்தில் எழுதுபவை நிச்சயம் இருக்கும், நிறுத்த அனுமதி வாங்குங்கள். "நன்றாக இருந்தார், சாப்பிட்டார், தூங்கினார்" என்ற வரி எழுதிய மையைத் தவிர எதையும் காட்டாது. மருந்துப் பதிவேடும் பணப் பதிவேடும் மட்டும் கறாராக இருக்கட்டும். பணத்துக்கு இரண்டு கையெழுத்து, எண்ணும்போது பணத்துக்குச் சொந்தக்காரரும் கூட இருக்க வேண்டும்.

பேச்சைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 50 வயதுக்காரரை "குழந்தை", "நம்ம பிள்ளை" என்பதும், "வா, போ, உட்காரு" என்பதும் நம்மிடையே அன்பாகவே வழங்குகிறது. கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. ஆனால் குழந்தை என்று அழைத்துவிட்டால் குழந்தைக்கு எடுக்கிற முடிவுகளையே அவருக்கும் எடுக்கிறோம். எத்தனை மணிக்குப் படுப்பது, யாரோடு பேசுவது, கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்பதெல்லாம் நம் கைக்கு வந்துவிடுகிறது. நீங்கள் முதலில் "வாங்க, போங்க" என்று தொடங்குங்கள், யாரையும் திருத்தாமல். ஒரு மாதத்தில் பாதிப் பேர் மாறியிருப்பார்கள்.

அந்த முடிவுகளைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் பணியாளர்களுக்கு உண்மையான பயம் வரும். தனியாகக் கடைக்கு நடந்து போகிறேன் என்று ஒருவர் கேட்டால், விழுந்துவிட்டால் யார் பொறுப்பு என்பார்கள். நியாயமான கேள்வி, ஏனென்றால் பழி எப்போதும் அன்றைக்கு டியூட்டியில் இருந்தவர் தலையில்தான் விழும். 1972 இல் ராபர்ட் பெர்ஸ்கி என்ற அமெரிக்க எழுத்தாளர் இடர் எடுப்பதிலும் ஒரு கண்ணியம் இருக்கிறது என்று எழுதினார். தடுக்கி விழும் வாய்ப்பே இல்லாமல் பொத்திப் பொத்தி வைப்பது ஒருவரின் மனிதத் தன்மையைக் குறைக்கிறது என்பது அவர் கருத்து. எங்கே, யாரோடு வாழ்வது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை 2006 இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19 ஆம் பிரிவு எல்லோருக்கும் சமமாகச் சொல்கிறது. இந்தப் பெரிய வார்த்தைகளை நடைமுறைக்குக் கொண்டுவர குழுத்தலைவர் செய்ய வேண்டியது சின்ன விஷயம்தான். அவரையும், அவரை அறிந்தவர்களையும் உட்கார வைத்து, என்ன ஆபத்து, எப்படிக் குறைக்கிறோம், எந்தப் பகுதியை ஏற்றுக்கொள்கிறோம் என்று ஒரு பக்கத்தில் எழுதி, அடியில் உங்கள் கையெழுத்தைப் போடுங்கள். முதல் வாரம் பத்தடி பின்னால் ஆள், இரண்டாவது வாரம் தெருமுனையில் ஆள் என்று போங்கள். ஏதாவது நடந்தால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மேலிடத்துக்குப் போவது நீங்களாக இருக்க வேண்டும். ஒருதடவை அப்படி நின்றுவிட்டால் பணியாளர்களின் கை தானாகத் தளரும்.

பழைய தோழர்கள் விஷயத்தை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அது ஆறு மாதத்தில் தீரக்கூடியதாகத்தான் தெரிகிறது. விடுமுறை நாள் டியூட்டியைச் சமமாகப் பிரியுங்கள், உங்கள் நெருங்கிய தோழருக்கும் சேர்த்து. அதைத்தான் எல்லோரும் கவனித்துக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொருவரையும் தனியாக அரை மணி நேரம் சந்தியுங்கள், இந்த வேலையில் எது சிரமம், நான் எதை மாற்றினால் உதவியாக இருக்கும் என்று கேட்டு, அதில் ஒன்றையாவது மாதத்துக்குள் செய்து கொடுங்கள். ஒருவரிடம் கண்டிப்பாகப் பேச வேண்டிய நேரம் வரும்போது தள்ளிப்போடாதீர்கள். நான் தள்ளிப்போட்டிருக்கிறேன், மற்ற பன்னிரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் தோழமை குறுக்கே வரக் கூடாது. 2011 இல் பிரிஸ்டல் அருகே விண்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனையில், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களைப் பணியாளர்கள் அடித்தும் இழிவுபடுத்தியும் வந்ததை பிபிசி ரகசியக் கேமராவில் படம் பிடித்து வெளியிட்டது. அடுத்த வருடம் 11 பேர் தண்டிக்கப்பட்டார்கள். அங்கே வேலை பார்த்த மூத்த செவிலியர் ஒருவர் முன்பே நிர்வாகத்திடமும் கண்காணிப்பு ஆணையத்திடமும் புகார் கொடுத்திருந்தார், யாரும் நடவடிக்கை எடுக்கவில்லை. அந்த அளவுக்குப் போவதற்கு முன்னால் சின்னச் சின்ன அடையாளங்கள் இருக்கும். வாழ்பவர்களைக் கிண்டல் செய்து சிரிப்பது, "இவர் எனக்கு மட்டும்தான் அடங்குவார்" என்று ஒருவர் பெருமைப்படுவது, ஒரு குறிப்பிட்ட ஆள் அறைக்குள் வந்ததும் யாராவது தோளைக் குறுக்கிக்கொள்வது, விளக்கம் இல்லாத சிராய்ப்பு. இரவு இரண்டு மணிக்கு மாதம் ஒருதடவையாவது சொல்லாமல் போய் நில்லுங்கள். இரவு ஷிப்ட் ஆட்களுக்கு அதில் நல்லதும் உண்டு, அவர்களை வேறு யாரும் போய்ப் பார்ப்பதே இல்லை. உங்கள் மேலேயே புகார் இருந்தால் யாரிடம் போக வேண்டுமோ அவருடைய தொலைபேசி எண்ணையும் சுவரில் ஒட்டிவையுங்கள்.

சரி, வரும் திங்கட்கிழமை. முதல் வேலையாக மருத்துவரிடமும் பல் மருத்துவரிடமும் நேரம் வாங்குங்கள். அப்புறம் டியூட்டி சார்ட்டை எடுத்து, பத்து நாளைக்கு மாலை ஷிப்டில் உங்கள் பெயரையே எழுதுங்கள். பதிவேட்டு வேலையைக் காலை இரண்டு மணி நேரத்துக்குள் அடக்குங்கள், மீந்தது மீந்தபடி இருக்கட்டும். யாராவது ஒருவர் நானும் கூட வருகிறேன் என்று சொல்வார், அவரோடு தொடங்குங்கள். ஐந்து மணிக்கு அந்த 35 வயதுக்காரர் எங்கே உட்கார்ந்திருக்கிறார், யார் அவரைத் தாண்டிப் போகிறார்கள், அவர் யார் பின்னால் எழுந்து போகிறார் என்பதை நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்து நாள் குறிப்பு கைக்கு வந்ததும், அவர் பெயரை மட்டும் விட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். வரி வரியாகச் சேர்ந்தே பார்ப்போம்.